இல்லமும் இறைவணக்கமும்: தமிழ்ச் சிறார் வழிபாடு பயின்ற வரலாறு

பிறந்த மண்ணை விட்டுப் பெயர்ந்து வாழும் குடும்பங்கள் தம்முடன் கொண்டு செல்லும் உடைமைகளுள் வழிபாடும் ஒன்று. பாத்திரம் பண்டங்களைக் கட்டி இரயிலில் ஏற்றித் தலைநகர் வந்த நம் முன்னோர், அலமாரியில் மாட்ட ஒரு சுவாமி படத்தையும் நெஞ்சில் வைத்திருக்க இரண்டொரு பாடலையும் மறவாமல் கொண்டு வந்தனர். அப்படம் இன்றும் நம் இல்லங்களில் இருக்கிறது. அப்பாடல் நம் மக்கள் நாவில் இருக்கிறதா என்பதே இப்பொழுது எழும் வினா.

நம் காலனியில் பெரியோர் நால்வர் கூடினால் இப்பேச்சு எழாமல் இருப்பதில்லை. "ஊரில் இருந்தால் கோயிலும் குளமும் பாட்டியும் திருவிழாவும் குழந்தைகளுக்குத் தாமாகவே கற்பித்துவிடும், இங்கே யார் கற்பிப்பது?" என்று நாம் வருந்துகிறோம். வருத்தம் நியாயமானதே. ஆனால் ஊரில் வழிபாடு தானாகவே வந்தது என்னும் எண்ணம் வரலாற்றோடு பொருந்துவதன்று. தமிழ் நாட்டிலேயே, எக்காலத்திலும், எந்தச் சமயத்திலும், யாரோ ஒருவர் முயன்று, நேரம் ஒதுக்கி, மீண்டும் மீண்டும் சொல்லிக் கொடுத்ததனாலேயே அது அடுத்த தலைமுறைக்குச் சென்றது. அம்முயற்சியின் வரலாற்றைச் சிறிது திரும்பிப் பார்ப்பது நமக்குப் பெரிதும் பயன்படும் என்று கருதுகிறோம்.

சுட்டிக் காட்டிய சேய்

சிறு குழந்தையின் வழிபாட்டைத் தமிழர் எவ்வாறு கருதினர் என்பதற்குப் பன்னிரண்டாம் நூற்றாண்டில் சேக்கிழார் இயற்றிய பெரிய புராணமே சான்று. சீகாழியில் சிவபாத இருதயர் நீராடச் சென்றபோது மூன்று வயதுக் குழந்தையும் உடன் சென்றது. நீரில் மூழ்கிய தந்தையைக் காணாமல் குழந்தை அழுதது. உமையம்மை பொற்கிண்ணத்தில் பாலூட்டினாள். கரையேறிய தந்தை, குழந்தையின் வாயில் பால் வழியக் கண்டு, யார் தந்த பால் என்று கோலை ஓங்கி வினவினார். குழந்தை விரலால் மேலே சுட்டிக் காட்டிப் பாடிற்று. திருஞானசம்பந்தரின் முதற் பதிகம் அவ்வாறு பிறந்தது என்பர்.

இந்நிகழ்ச்சியில் நாம் கருத வேண்டியது ஒன்று உண்டு. குழந்தையின் முதல் வழிபாடு மனப்பாடம் செய்த பாடம் அன்று. தந்தையின் கேள்விக்கு அது தந்த விடை. தனக்குக் கிடைத்த உணவு எங்கிருந்து வந்தது என்று சுட்டிக் காட்டியதே முதல் துதியாயிற்று.

நம்பியாண்டார் நம்பியைப் பற்றிய வரலாறும் இத்தகையதே. திருநாரையூரில் பிள்ளையார் கோயில் பூசை செய்துவந்த தந்தையார் வெளியூர் செல்ல நேர்ந்தது. பூசையை மகனிடம் ஒப்பித்துச் சென்றார். அமுதைப் படைத்த சிறுவன், பிள்ளையார் மெய்யாகவே உண்பார் என்று காத்திருந்தான். அவர் உண்ணாமை கண்டு அழுது, தலையைக் கல்லில் மோதிக்கொள்ளப் புகுந்தான். பிள்ளையார் தடுத்து அமுதை உண்டருளினார். பள்ளிக்கு நேரமாகிவிட்டது, ஆசிரியர் அடிப்பாரே என்று அஞ்சிய சிறுவனுக்குப் பாடத்தையும் தாமே கற்பித்தார் என்பது மரபு. பிற்காலத்தில், தில்லையில் செல்லரித்துக் கிடந்த தேவார ஏடுகள் கண்டெடுக்கப்பட்டதும் திருமுறைகளாகத் தொகுக்கப்பட்டதும் இந்நம்பியால்தான். பிள்ளையின் வெள்ளை நம்பிக்கையைக் கண்டு நம் முன்னோர் நகைக்கவில்லை. தமிழர் வழிபாட்டுப் பாடல்களை மீட்டளித்த பெருமையை அவனுக்கே உரியதாக்கினர்.

கல்வெட்டு காட்டும் கவலை

மீட்டெடுத்த பாடல்கள் மக்கள் நாவில் நிலைபெறுதற்கு அரசரும் முயன்றனர். முதலாம் இராசராசன் 1010-ஆம் ஆண்டளவில் தஞ்சைப் பெரிய கோயிலைக் கட்டி முடித்தான். அங்குத் திருப்பதியம் பாட 48 பேரையும், உடுக்கை வாசிக்க ஒருவரையும், கொட்டி மத்தளம் முழக்க ஒருவரையும் அமர்த்தினான். இந்த ஐம்பதின்மருக்கும் ஆளுக்கு நாள்தோறும் மூன்று குறுணி நெல் வழங்க ஏற்பாடு செய்தான். ஒரு நாளைக்கு 150 குறுணி, அதாவது பன்னிரண்டரைக் கலம் நெல், பாட்டுக்காக அளக்கப்பட்டது.

அக்கல்வெட்டின் இன்னொரு பகுதி நம்மைப் போன்றோர் மிகவும் கருதத் தக்கது. இவர்களுள் இறந்தவர்க்கும், வேற்று நாடு சென்றவர்க்கும் பதிலாக அவரவர்க்கு அடுத்த உறவினர் அந்நெல்லைப் பெற்றுப் பாட வேண்டும். உறவினர்க்குப் பாடும் தகுதி இல்லையாயின், தகுதி உடையாரைத் தேர்ந்து பாடுவிக்க வேண்டும் என்று அது விதிக்கிறது. பெயர்ந்து செல்வோர் அன்றும் இருந்தனர். பாடத் தெரியாத மக்களும் அன்றும் இருந்தனர். காவிரிக் கரையில், பெருங்கோயிலின் நிழலில் வாழ்ந்த குடும்பத்திலேயே பாட்டு தானாக வந்துவிடும் என்று பேரரசன் நம்பவில்லை. அடுத்த தலைமுறைக்கு அறியாமை நேரலாம் என்று எதிர்பார்த்து, அதற்கு மாற்று வழியையும் கல்லில் வெட்டி வைத்தான்.

மணலில் எழுதிய வணக்கம்

கோயிலுக்கு அடுத்தபடியாகச் சிறார்க்கு வழிபாடு பயிற்றிய இடம் திண்ணைப் பள்ளிக்கூடம். சென்னை ஆளுநராக இருந்த சர் தாமஸ் மன்றோ 1822-இல் மாகாணக் கல்வி நிலையைக் கணக்கெடுக்க ஆணையிட்டார். 1826-இல் அவர் தந்த தொகுப்பின்படி, மாகாணம் முழுவதிலும் 12,498 பள்ளிகளும் 1,88,650 மாணவரும் இருந்தனர். தமிழ், தெலுங்கு, கன்னடம், மலையாளம் பேசும் பகுதிகள் யாவும் இக்கணக்கில் அடங்கும்.

இப்பள்ளிகளில் விசயதசமி நாளில் கல்வி தொடங்குவது வழக்கம். ஆசிரியர் குழந்தையின் விரலைப் பிடித்து அரிசியிலோ மணலிலோ எழுதுவிப்பார். முதலில் எழுதியது அகரம் அன்று. "அரி நமோத்து சிந்தம்" என்னும் வணக்கம். நெடுங்கணக்குச் சுவடிக்கு அரிச்சுவடி என்ற பெயர் இதனால் வந்தது என்பர். இவ்வணக்கத்தின் பிற்பகுதி, சித்தரை வணங்கும் சமணர் வாய்மொழியின் திரிபு என்று அறிஞர் கருதுவர். சைவர் வீட்டுப் பிள்ளையும் வைணவர் வீட்டுப் பிள்ளையும், திருமாலின் பெயரோடு சமணர் விட்டுச் சென்ற வணக்கத்தையும் சேர்த்தெழுதி, எழுத்தறிவு பெற்றனர்! கல்வியின் வாயிலில் சமயப் பூசல் நிற்கவில்லை.

எழுத்தும் வணக்கமும் ஒன்றாகவே பயிலப்பட்டமைக்கு இன்றும் எஞ்சி நிற்கும் அடையாளம் பிள்ளையார் சுழி. கடிதமோ, கடைக் கணக்கோ, திருமண அழைப்போ, எதை எழுதினும் தலைப்பில் அச்சிறு சுழியை இட்ட பிறகே எழுதும் வழக்கம் நம்மிடையே இன்னும் இருக்கிறது. பரீட்சைத் தாளின் மூலையில் ஆசிரியர் கண்ணில் படாமல் அதை எழுதும் பிள்ளைகள் நம் காலனியிலும் உள்ளனர். எந்தச் செயலையும் தொடங்குமுன் ஒரு கணம் நின்று மனத்தை ஒருநிலைப்படுத்த வேண்டும் என்னும் பெரிய பாடம் அதில் அடங்கியிருக்கிறது.

எழுத்துக்குப் பின் சிறுவர் பயின்றவை ஔவையாரின் ஆத்திசூடியும் கொன்றைவேந்தனும் மூதுரையும் நல்வழியும். இந்நூல்களின் முகப்பில் கடவுள் வாழ்த்து உண்டு. கொன்றைவேந்தனின் அமைப்பை நோக்குவோர்க்கு ஓர் அழகு புலப்படும். அன்னையையும் தந்தையையுமே கண்கண்ட தெய்வமாக முதலில் காட்டிவிட்டு, அடுத்தபடியாகத்தான் ஆலய வழிபாட்டை அது வற்புறுத்துகிறது. குழந்தையின் கண் எட்டும் தூரத்தில் இருப்பவரிடம் தொடங்கி, எட்டாதவரிடம் அழைத்துச் செல்லும் முறை அது.

ஆயினும் உண்மையை மறைத்தல் கூடாது. திண்ணைப் பள்ளியின் கதவு எல்லோர்க்கும் திறந்திருக்கவில்லை. பெண் மக்கள் அங்கு மிகச் சிலரே. தாழ்த்தப்பட்டோர் எனப்பட்ட மக்களின் பிள்ளைகள் பெரும்பாலும் அங்கு அமர இயலவில்லை. அவர்கள் வழிபாட்டை வேறு வழியில் பயின்றனர். பெண் குழந்தைகளுக்கு வாசற்படியே பள்ளி. விடியலில் சாணம் தெளித்தல், கோலமிடுதல், மார்கழியில் கோலத்தின் நடுவே பூசணிப் பூ வைத்தல், அந்தியில் விளக்கேற்றுதல் ஆகிய இவை யாவும் தாயின் கைபார்த்துக் கற்றவை. மாரியம்மன் கோயிலுக்குக் கூழ் சுமந்த தாயின் பின்னே நடந்த குழந்தையும், குல தெய்வத்துக்குப் பொங்கலிட்ட தந்தைக்குச் சுள்ளி பொறுக்கிக் கொடுத்த சிறுவனும் ஏடு படியாமலே வழிபாட்டைப் பயின்றவர்கள்தாம். நாவுக்கரசர் உழவாரப் படையைக் கையில் ஏந்திக் கோயில் முற்றத்துப் புல்லைச் செதுக்கியதும் வழிபாடே அன்றோ?

மணியோசையும் முதல் அச்சும்

தமிழ்ச் சிறார் வழிபாடு பயின்ற வரலாறு ஒரு சமயத்தின் வரலாறு மட்டும் அன்று. 1542-இல் புனித சவேரியார் முத்துக் குளித்துறைக் கடற்கரைக்கு வந்தார். அங்குப் பரதவர் சில ஆண்டுகளுக்கு முன்னரே கிறித்தவராகியிருந்தனர். ஆனால் செபம் கற்பிப்பார் இல்லை. சவேரியாருக்குத் தமிழ் தெரியாது. இரு மொழியும் அறிந்தவர்களைக் கூட்டிச் செபங்களைத் தமிழில் பெயர்க்கச் செய்து, அவற்றைத் தாம் முதலில் மனப்பாடம் செய்தார். பின்னர்க் கையில் மணியை அடித்துக்கொண்டு தெருத்தெருவாகச் சென்று, நாளொன்றுக்கு இரு முறை சிறுவரைக் கூட்டினார்.

அவர் கையாண்ட முறையே நாம் கருதத் தக்கது. அன்று கற்றதை வீட்டிற்குச் சென்று தாய் தந்தையர்க்கும் அண்டை அயலார்க்கும் கற்பிக்க வேண்டும் என்று சிறுவரைப் பணித்தார். 1544-இல் எழுதிய மடலில் இதனை அவரே விவரிக்கிறார். நோயுற்றோர் இல்லங்களுக்குத் தாம் செல்ல இயலாதபோது சிறுவரை அனுப்பிச் செபம் சொல்லச் செய்ததாகவும் அதில் காண்கிறோம். குழந்தை கற்பவன் மட்டும் அல்லன், கற்பிப்பவனும் ஆவான் என்பதை அவர் அறிந்திருந்தார். பிறருக்குச் சொல்லிக் கொடுக்கும் பொறுப்பைப் பெற்ற பிள்ளை தான் கற்றதை எளிதில் மறப்பதில்லை.

இதனை ஒட்டி நிகழ்ந்த இன்னொரு செய்தி தமிழர் யாவரும் அறிதற்குரியது. இன்று நமக்குத் தெரிந்தவற்றுள் முதன்முதலில் அச்சேறிய தமிழ் நூல் ஒரு செபப் பாடநூலே. 1554-இல் போர்த்துகல் நாட்டின் லிசுபன் நகரில், அங்குச் சென்றிருந்த தமிழ்க் கிறித்தவர் மூவரின் துணையால் அது அச்சாயிற்று. தமிழ் எழுத்துகள் அப்பொழுது அச்சில் இல்லாமையால், தமிழ்ச் சொற்கள் உரோமன் எழுத்திலேயே பதிக்கப்பட்டன. இருபத்து நான்கு ஆண்டுகள் சென்று, 1578-இல் கொல்லத்தில், அண்டிரிக் அடிகளார் தமிழ் எழுத்திலேயே "தம்பிரான் வணக்கம்" என்னும் பதினாறு பக்க நூலை வெளியிட்டார். அயல் எழுத்தில் அச்சிட்டது அவசரத்துக்கு உதவியது. ஆயினும் தமிழ் எழுத்து வார்க்கப்படும் வரை அடிகளார் ஓயவில்லை. இவ்விரு நூல்களையும் நாம் பின்னர் மீண்டும் நினைவுகூர்வோம்.

காயல்பட்டினம், கீழக்கரை முதலிய ஊர்களில் முஸ்லிம் சிறார் அரபு எழுத்தில் திருக்குர்ஆனை ஓதப் பயின்றனர். ஓதும் மொழி அரபு, வீட்டு மொழி தமிழ். இவ்விரண்டையும் இணைக்க அரபு எழுத்திலேயே தமிழை எழுதும் அரபுத் தமிழ் என்னும் முறை வளர்ந்தது. பிள்ளைகளும் பெண்களும் தாம் அறிந்த எழுத்திலேயே சமயக் கடமைகளின் விளக்கத்தைத் தாய்மொழியில் படித்தறிய இம்முறை வழிசெய்தது. ஓதினால் போதும் என்று விடாமல், ஓதுவதன் பொருளும் உணரப்பட வேண்டும் என்ற விழைவே இம்முயற்சிக்குக் காரணம்.

பத்தொன்பதாம் நூற்றாண்டில் யாழ்ப்பாணத்து நல்லூர் ஆறுமுக நாவலர் (1822–1879) இவ்விழைவைச் சைவர்க்கு எடுத்துச் சென்றார். இளமையில் மிசன் பள்ளியில் பயின்று, பீற்றர் பேர்சிவல் பாதிரியாருக்கு விவிலிய மொழிபெயர்ப்பில் துணைபுரிந்தவர் அவர். பாதிரிமார் குழந்தைகளுக்கு வினாவும் விடையுமாகக் கற்பிக்கும் முறையின் வலிமையை அருகிருந்து கண்டவர். 1848-இல் வண்ணார்பண்ணையில் சைவப்பிரகாச வித்தியாசாலையை நிறுவினார். 1864-இல் சிதம்பரத்திலும் ஒரு பள்ளி கண்டார். பால பாடங்களையும் சைவ வினாவிடையையும் எளிய உரைநடையில் எழுதி அச்சிட்டார். ஏன் வணங்க வேண்டும், எவ்வாறு வணங்க வேண்டும் என்று குழந்தை கேட்கக் கூடிய வினாக்களை நூலே கேட்டு, நூலே விடை தந்தது. சீகாழிக் குளக்கரையில் தந்தை கேட்ட வினாவுக்குப் பிள்ளை தந்த விடையை எண்ணும்போது, வினாவிடை முறை தமிழர்க்கு முற்றிலும் புதியதன்று எனலாம்.

காசியில் ஒரு தமிழர்

இதுவரை கூறியவை தமிழ் வழங்கும் நிலத்தின் வரலாறு. தமிழ் வழங்காத நிலத்தில் வாழ்ந்த தமிழர் என் செய்தனர்? இதற்கு விடை கூற நாம் பதினேழாம் நூற்றாண்டுக் காசிக்குச் செல்ல வேண்டும்.

பொருநைக் கரைத் திருவைகுண்டத்தில் தோன்றிய குமரகுருபரர், ஐந்து வயது வரை பேசாதிருந்து, செந்தூர் முருகன் சந்நிதியில் பேச்சு வரப்பெற்றவர் என்பது வரலாறு. துறவு பூண்டு காசி சென்ற அவர், அங்கு மடம் அமைக்க விரும்பினார். அதற்கு மொகலாய ஆட்சியாளரின் இசைவு வேண்டும். அவர்களோடு பேச இந்துத்தானி மொழி வேண்டும். அம்மொழி விரைவில் கைவர வேண்டிக் கலைமகள்மேல் பத்துப் பாடல்கள் பாடினார் என்றும், அவையே சகலகலாவல்லி மாலை என்றும் மரபு கூறுகிறது. கேதார கட்டத்தில் அவர் நிறுவிய மடம் இன்றும் விளங்குகிறது.

நவராத்திரியில் நம் பெண் குழந்தைகள் கொலுவின் முன் அமர்ந்து பாடும் அம்மாலை, வடநாட்டிற்கு வந்த ஒரு தமிழர், வடநாட்டு மொழியைக் கற்க வேண்டித் தம் தாய்மொழியில் செய்த வழிபாடு! பள்ளியில் இந்தியும் வீட்டில் தமிழுமாக வளரும் நம் பிள்ளைகளுக்கு இதனினும் உரிமையான பாடல் வேறு யாது? புதிய மொழியைக் கற்பதற்காகப் பழைய மொழியைக் கைவிட வேண்டியதில்லை என்பதை அம்முனிவர் வாழ்ந்து காட்டினார். ஆனால் இப்பாடலைப் பாடும் நம் சிறுமியருள் எத்தனை பேருக்கு இவ்வரலாறு சொல்லப்பட்டிருக்கிறது?

தலைநகரிலும் பிற நகரங்களிலும்

இந்தியத் தலைநகர் தில்லிக்கு மாறும் என்று 1911-இல் அறிவிக்கப்பட்டது. புது தில்லி 1931-இல் திறக்கப் பெற்றது. அரசாங்க அலுவலகங்களோடு தமிழ்க் குடும்பங்களும் வந்தன. கோடையில் சிம்லாவும் குளிரில் தில்லியுமாக அவர்கள் அலைந்த அக்காலத்தில், 1923-இல், தம் மக்கள் படிக்க ஒரு பள்ளியைத் தொடங்கினர். அதுவே இன்று தில்லித் தமிழ்க் கல்விக் கழகத்தின் ஏழு பள்ளிகளாக வளர்ந்து நிற்கிறது. தில்லித் தமிழ்ச் சங்கம் 1946-இல் தோன்றியது. இராமகிருட்டிணபுரத்துக் குன்றின்மேல் சுவாமிநாதனுக்குக் கோயில் எடுத்துக் குடமுழுக்குச் செய்தது 1973-இல்.

இந்த ஆண்டுகளை வரிசைப்படுத்திப் பார்த்தால் ஓர் உண்மை விளங்கும். தமிழர் வந்த காலத்துக்கும் மலைக் கோயில் எழுந்த காலத்துக்கும் இடையே அரை நூற்றாண்டு கடந்துள்ளது. அந்த இடைக்காலத்தில் வழிபாட்டைக் காத்தவை அரசாங்கக் குவார்ட்டர்சின் சிறு அறைகளே. கரோல்பாக் மாடி வீடுகளிலும் பிற குடியிருப்புகளிலும், பாயைச் சுருட்டி வைத்துவிட்டு, சனிக்கிழமை பசனையும் ஞாயிற்றுக்கிழமைப் பாட்டு வகுப்பும் நடத்திய மாதரும் ஆடவரும் காத்தனர். தில்லியில் திரு. ஏ. எஸ். ராகவன் அவர்கள் அருணகிரியாரின் திருப்புகழுக்கு இராகம் அமைத்துப் பலருக்கும் கற்பித்தமையால் வளர்ந்த "திருப்புகழ் அன்பர்கள்" குழு, இன்று பல நகரங்களில் பரவி நிற்பது நாம் அறிந்ததே.

பம்பாயிலும் இவ்வாறே. 1896-இல் பரவிய பிளேக் நோய்க்குப் பின் நகரைச் சீர்திருத்த அமைத்த குழுவின் திட்டத்தால் தாதர்-மாதுங்காப் பகுதி உருவாகியது. அங்குக் குடியேறிய தென்னாட்டார் 1932-இல் தென்னிந்தியக் கல்விச் சங்கத்தை நிறுவினர். இராதா கல்யாணமும் நாம சங்கீர்த்தனமும் மாதுங்காவின் தெருக்களில் ஒலித்தன. அதற்கு அணித்தாகிய தாராவியில், திருநெல்வேலிச் சீமையிலிருந்து தோல் தொழிலுக்கு வந்த மக்கள், தமக்கென ஒரு பிள்ளையார் கோயிலை எழுப்பிக்கொண்டனர். கோலார் தங்கவயலில் சுரங்கத் தொழிலாளர் குடியிருப்புகளில் முருகனும் மாரியம்மனும் தேவமாதாவும் அருகருகே இடம்பெற்றனர். சுரங்கம் 2001-இல் மூடப்பட்டது, வழிபாடு மூடப்படவில்லை.

1950-இல் நடைமுறைக்கு வந்த நம் அரசியலமைப்பின் 28-ஆம் பிரிவு, முழுவதும் அரசின் பொருளால் நடக்கும் கல்வி நிலையங்களில் சமயக் கல்வி தருதல் ஆகாது என்கிறது. பல சமயத்தார் கூடி வாழும் நாட்டில் இது அறிவுடைமையே. ஆனால் ஒரு காலத்தில் திண்ணைப் பள்ளி சுமந்த பொறுப்பு இதனால் இல்லத்தின் தோளுக்கு வந்துவிட்டது என்பதை நாம் உணர வேண்டும்.

பொருள் மறந்த ஓசை

இல்லம் அப்பொறுப்பைச் சுமக்கிறதா? மார்கழி விடியலில், பனி மூடிய தலைநகர்த் தெருக்களில், கம்பளிச் சட்டைக்குள் நடுங்கிக்கொண்டு கோயிலுக்கு வரும் நம் சிறுமியரைக் காணும்போது உள்ளம் குளிர்கிறது. திருப்பாவை முப்பதையும் தடையின்றிப் பாடுகின்றனர். ஆனால் அவர் கையிலுள்ள தாளைச் சற்று எட்டிப் பார்த்தால் அது தேவநாகரி எழுத்தில் இருக்கிறது. இந்தி எழுதும் வழக்கில் எகரத்துக்கும் ஏகாரத்துக்கும், ஒகரத்துக்கும் ஓகாரத்துக்கும் வேறுபாடு இல்லை. ழகரமும் றகரமும் இல்லை. ஓசை சிதைகிறது. பாட்டின் பொருளைக் கேட்டாலோ, பிள்ளை தாயின் முகத்தைப் பார்க்கிறது. தாய் பாட்டியின் முகத்தைப் பார்க்கிறாள்.

இப்போக்கு எங்கே கொண்டுபோய் விடும் என்பதற்குக் கடல் கடந்த சான்று ஒன்று இருக்கிறது. தாய்லாந்தின் தலைநகர் பாங்காக்கில் திரியம்பாவாய், திரிபாவாய் என்று வழங்கும் விழா உண்டு. திருவெம்பாவை, திருப்பாவை என்னும் பெயர்களே இவ்வாறு திரிந்தன என்று அறிஞர் காட்டியுள்ளனர். 1784-இல் அங்கு நிறுவப்பட்ட பெரிய ஊஞ்சலில் நடந்த ஆட்டம் 1935-இல் நிறுத்தப்பட்டது. ஆயினும் கோயிலினுள் அந்தணர் செய்யும் சடங்கு தொடர்கிறது. அங்கு ஓதப்படுவனவற்றுள் மாணிக்கவாசகரின் திருவெம்பாவையும் இருப்பதாக ஆராய்ந்தோர் கூறுவர். ஓதுவோர்க்கு அது தமிழ் என்பது பொருளளவில் புலப்படாது. தந்தை ஓதிய ஓசையை மகன் ஓதினான்; அவன் மகனும் ஓதினான். பல நூற்றாண்டு ஓசை நின்றது, பொருள் போயிற்று.

இதனைக் கேட்டு நாம் வியக்கலாம், பெருமிதமும் கொள்ளலாம். ஆனால் நம் பேரர்களின் நிலையும் அதுவாக வேண்டும் என்று நம்முள் யாரும் விரும்பமாட்டோம். தோழியைத் துயிலெழுப்பும் பெண்ணின் குறும்பும், மழையை வேண்டும் உழவர் உள்ளமும், கூடி உண்ணும் மகிழ்ச்சியும் பாவைப் பாடல்களில் இருக்கின்றன என்று தெரியாமல் அவற்றைப் பாடுவது, பூட்டிய பெட்டியைத் தலைமுறை தோறும் சுமந்து செல்வதற்கு ஒப்பாகும்.

இல்லத்தில் செய்யத் தக்கவை

வரலாற்றிலிருந்து நாம் பெறும் பாடங்கள் கடினமானவை அல்ல. முப்பது பாடல்களைப் பொருளறியாமல் பாடுவதினும், ஒரு பாடலைப் பொருளுணர்ந்து பாடுதல் சிறந்தது. ஒரு திங்களுக்கு ஒரு பாடல் என்று வைத்துக்கொண்டால், ஐந்து வயதில் தொடங்கும் பிள்ளை பத்து வயதில் அறுபது பாடல்களின் பொருளை அறிந்திருக்கும். தேவநாகரித் தாளை உடனே கிழித்தெறிய வேண்டும் என்று நாம் கூறவில்லை. லிசுபன் நகரில் உரோமன் எழுத்தில் அச்சிட்ட நூலும் அன்றைய தேவைக்கு உதவியதே. அதிலேயே நின்றுவிடாமல் கொல்லத்துத் தமிழ் எழுத்துக்கு வந்து சேர்ந்தாற்போல, நம் பிள்ளைகளும் வந்து சேர வேண்டும். தான் அறிந்த பாடலைத் தமிழ் எழுத்தில் கண்டு படிப்பதைவிட எளிதாக எழுத்தறியும் வழி வேறில்லை. திண்ணைப் பள்ளியார் வணக்கத்தைக் கொண்டே எழுத்தைக் கற்பித்தனர். நாமும் அவ்வாறே செய்யலாம்.

வழிபாட்டை நாள்தோறும் நிகழும் ஒரு செயலோடு இணைத்தல் வேண்டும். அந்தியில் விளக்கேற்றும் தீக்குச்சியைத் தாயின் மேற்பார்வையில் குழந்தையே கொளுத்தட்டும். உண்பதற்கு முன் காக்கைக்கு வைக்கும் ஒரு பிடிச் சோற்றைக் குழந்தையின் கையே வைக்கட்டும். இறைவனுக்கு ஒரு பச்சிலை, பசுவுக்கு ஒரு வாயுறை, உண்ணும்போது பிறர்க்கு ஒரு கைப்பிடி, பிறரிடம் ஓர் இனிய சொல் என்று திருமூலர் வகுத்த நெறி எல்லோர்க்கும் இயல்வது. நான்காவது மாடியில் வாழ்வோர்க்கும் தொட்டியில் ஒரு துளசி இருக்கும்; பால்காரரிடமும் காவற்காரரிடமும் இன்சொல் கூற யாருக்கும் இடமில்லாமற் போகாது.

குழந்தை வினவினால் வெகுளாமல் விடை கூறுவோம். சுவாமி ஏன் பேசுவதில்லை, அடுத்த வீட்டார் ஏன் வேறு சுவாமியைக் கும்பிடுகின்றனர் என்று கேட்கும் பிள்ளை, நாவலர் நூலில் இடம்பெறத் தக்க வினாக்களையே கேட்கிறது. இன்னொன்றும் செய்யலாம். கற்ற பாடலைத் தன்னினும் இளைய ஒரு குழந்தைக்குக் கற்பிக்கும் பொறுப்பை ஒவ்வொரு பிள்ளைக்கும் தருவோம். சவேரியார் கடற்கரைச் சிறுவரிடம் வைத்த நம்பிக்கையை நாம் நம் காலனிச் சிறுவரிடம் வைக்கலாகாதா?

நம் சங்கத்தின் ஆண்டு விழா மேடையில் ஒவ்வோர் ஆண்டும் கடவுள் வாழ்த்துப் பாடச் சிறுமியர் இருவர் வருகின்றனர். இனிவரும் ஆண்டுகளில், பாடி முடித்தபின் அதன் பொருளை இரண்டொரு வாக்கியத்தில் தம் சொந்தத் தமிழில் அவர்களே கூறுமாறு செய்யலாம் என்பது நம் வேண்டுகோள். தவறாகச் சொன்னாலும் குற்றமில்லை. திருத்திக்கொள்ள ஓராண்டு இருக்கிறது. தஞ்சைக் கல்வெட்டு வேற்று நாடு சென்றவர்க்குப் பதிலாகப் பாட ஊரில் ஒருவரைத் தேடியது. வேற்று நாடு வந்த நமக்குப் பதிலாக இங்கே நாளை பாட வேண்டியவர்கள் நம் மக்களே. அவர்களைத் தகுதி உடையார் ஆக்கும் கடமை நம்முடையது.